3,500 ரூபாய்ப் பல் கேப்பைத் தள்ளிப்போட்ட கதை

ஒரே ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்து ஐந்து ஆண்டுகளில் நான் செலவழித்தது 78,400 ரூபாய். தையல் கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருப்பதால் கணக்கில் பிசகு இல்லை. மாத்திரை, இரத்தப் பரிசோதனை, பஸ் கட்டணம், கடையைப் பூட்டிவிட்டுப் போன நாட்களின் கூலி எதுவும் இதில் சேராது. லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றுக்கு நான் வாங்குவது 250 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் 300 ரவிக்கைக்கு மேல் தைத்து அந்தப் பல் குழிக்குள் போட்டிருக்கிறேன்.

என் ஊர் வேலந்தாவளம். கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். தாலுகா சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், அரசு ஆபீசில் மலையாளம், துணியும் நூலும் வாங்கக் கோயம்புத்தூர். வீட்டுக்காரர் தேங்காய் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அதனால் பல் மருத்துவரிடம் போனதெல்லாம் நான் தனியாகத்தான். "கொஞ்சம் பொறு, இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்" என்று சொல்ல அருகில் ஓர் ஆள் இருந்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அந்த ஆள் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையில் இடதுபுறம், பெரிய கடைவாய்ப் பற்களில் முதலாவது. இது ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பதால், இதையும் விழுந்து முளைக்கும் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். பள்ளிக்கூட வயதிலேயே அதில் கரும்புள்ளி இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டில் ஆறு ஏழு வயதுக் குழந்தை இருந்தால் ஒரு டார்ச் அடித்துக் கடைசிப் பல்லைப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொரு பல் முளைக்காது.

வலி தொடங்கியது 2019 கடைசியில். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டேன், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினேன். வீட்டுக்காரர் எங்கள் சித்தூர்க் கள்ளின் பெருமையை எடுத்துச் சொல்லி, ஒரு வாய் கொப்பளித்துப் பார் என்றார். அதைத் தவிர எல்லாம் செய்தேன். மூன்று வாரம் உயிரை எடுத்த வலி ஒருநாள் தானாகவே நின்றது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். வலி தானாக நின்றால் பல் குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை, உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் கன்னம் வீங்கியது. கரும்புள்ளியாக இருந்தபோதே போயிருந்தால் சில நூறு ரூபாயில் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். வீங்கிய பிறகு, பல்லுக்குள் செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால்தான் வழி.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவரிடம் மூன்று முறை போய் ரூட் கெனால் முடித்தேன். 4,500 ரூபாய். நல்ல கை; வலியே இல்லை. 2020 மார்ச் முதல் வாரத்தில் கடைசி அமர்வு. "இரண்டு வாரம் கழித்து வாருங்கள், பல்லுக்கு மேல் உறை மாதிரி ஒரு கேப் போட வேண்டும், 3,500 ஆகும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 25ஆம் தேதி ஊரடங்கு. சோதனைச்சாவடியில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். எதிரில் தெரியும் கடைக்குப் போகக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம். நான் வீட்டில் உட்கார்ந்து துணி முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது கேட்டால் "ஊரடங்கில் கேப் போட முடியவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. தடுப்பை எடுத்த பிறகும் நான் போகவில்லை. வலிக்காத பல்லுக்கு எதற்கு 3,500 ரூபாய் என்ற கணக்குத்தான். காசு பறிக்கிற வேலை என்றுகூட அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

கேப் எதற்கு என்பதை உலக்கையை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் போடுவது அழகுக்காகவா? இடிக்க இடிக்க மரம் பிளந்துவிடாமல் கட்டிப் பிடிப்பதற்கு. ரூட் கெனால் செய்த பல்லில் சொத்தையை எடுத்து, மேலே துளை போட்டு, உள்ளே சுரண்டி, சுற்றுச் சுவர்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். கடைவாயில் ஒவ்வொரு கடிக்கும் விழுகிற அழுத்தம் அந்தச் சுவர்களை இரண்டு பக்கமும் பிளக்கப் பார்க்கிறது. நரம்பு இல்லாததால் அது பிளந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வலியும் வராது. முன்பல்லாக இருந்தால் சில சமயம் கேப் இல்லாமலே சமாளிக்கலாம் என்கிறார்கள். மெல்லுகிற பல்லுக்கு ரூட் கெனால் பாதி வேலை, கேப் மீதிப் பாதி. இரண்டுக்குமான பணம் கையில் சேர்ந்த பிறகு நாற்காலியில் உட்காருங்கள். முடியாவிட்டால் தவணையில் தருகிறேன் என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. அத்தை சுட்ட முறுக்கு. கடித்த கணத்தில் மண்டைக்குள் மட்டும் கேட்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். கல் என்று நினைத்து நாக்கால் துழாவினேன். பல்லின் உட்பக்கம் கதவு போல அசைந்தது. முன்னிருந்து பின்னாகப் பிளந்து, விரிசல் வேர் வரைக்கும் போயிருந்தது. அப்படி வேரோடு பிளந்த பல்லை ஒட்டவோ கட்டவோ முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். 700 ரூபாய் கொடுத்துப் பல்லையும், அதற்காக முன்பு கொடுத்த 4,500 ரூபாயையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டே வந்தது நல்ல வசதியாக இருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த தவறு அதைவிடப் பெரியது. பல் போன இடத்தை இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டேன். சிரித்தால் தெரியாத இடம், வலக்கடைவாயால் மென்றால் போதும், என்ன அவசரம்? அந்த இரண்டு ஆண்டுகளில் வாய்க்குள் நடந்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்புக்கு வேலை இல்லாமல் போவதால் அது சுருங்கத் தொடங்குகிறது. முதல் சில மாதங்களில்தான் அதிகம், அதுவும் அகலத்தில். பின்னால் இருந்த கடைவாய்ப் பல் முன்னால் இருந்த காலியிடத்தை நோக்கிச் சாய்ந்தது, வரப்பை எடுத்துவிட்டால் பக்கத்து வயல் மண் சரிகிற மாதிரி. மேலே எதிரில் இருந்த பல் தன்னைத் தாங்க எதுவும் இல்லாமல் மெல்லக் கீழே இறங்கியது. ஒவ்வொரு வேளையும் கீரை நார் அந்த இடுக்கில் சிக்கி, நான் ஊக்கை வைத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. பல் எடுத்த அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த இடத்துக்கு என்ன செய்யப் போகிறோம், எப்போது?" என்பது.

2023 ஜனவரியில் மகனின் கட்டணம் கட்டியது போகக் கொஞ்சம் பணம் மிஞ்சியது. எல்லைக்கு அருகே ஒரு சிறு நகரத்தில், ஒரே வாரத்தில் நிலையான பல் என்று பெரிய பலகை. பெயர் வேண்டாம். உள்ளே போய் நான் கேட்டது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும், எத்தனை நாள். மூன்று பல் பிரிட்ஜ், பல் ஒன்றுக்கு 5,000, மொத்தம் 15,000. எக்ஸ்ரே எடுக்கவில்லை. போன பல் ஒன்றுதானே, எதற்கு மூன்று என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. விடை இதுதான்: காலியிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பற்களைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் இரண்டு கேப், நடுவில் தொங்குகிற போலிப் பல் ஒன்று, மூன்றும் சேர்ந்த ஒரே துண்டு. பக்கத்துப் பற்களில் ஏற்கனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் இது நல்ல வழி. எலும்பில் அறுவை கிடையாது, சில வாரத்தில் முடிந்துவிடும், சரியாகச் செய்து சுத்தமாக வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். என் பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தை இல்லாத நல்ல பற்கள். கத்திரி போட்ட துணி ஒட்டாது என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்பல் சாய்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? பிரிட்ஜ் நேராக இறங்கிப் பொருந்த வேண்டுமென்றால் இரண்டு பற்களும் ஒரே திசையில் நிற்க வேண்டும். சாய்ந்ததை நேராக்கிக் காட்ட அதிகமாக ராவினார்கள், நரம்புக்கு மிக அருகில் போகும் வரை. ராவிய பற்களுக்கு மேல் தற்காலிகக் கேப் எதுவும் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் என்றது ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் தண்ணீரைச் சுடவைத்து, வாயின் வலதுபுறம் சாய்த்துக் குடித்தேன். பல்லை ராவினால் அன்றே தற்காலிகக் கேப் வைத்து அனுப்புவது வழக்கம். வைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டியபோது தாடை மரத்துப் போயிருந்தது. கடித்துப் பாருங்கள் என்றார்கள், கடித்தேன், எதுவும் தெரியவில்லை. மரப்பு இறங்கிய பிறகு பார்த்தால் இடதுபுறம் மட்டும் முதலில் இடிக்கிறது. மறுநாள் போய்ச் சொன்னேன். "பழகிவிடும்" என்றார்கள். ஆறு மாதம் ஆகியும் பழகவில்லை. காதடியில் தாடை வலிதான் பழகியது. நீல நிறத் தாளைக் கடிக்க வைத்து, அடையாளம் விழுகிற மேட்டை லேசாகத் தேய்த்துவிட்டால் பத்து நிமிடத்தில் தீர்கிற காரியம் இது. மரப்பு நீங்கிய பிறகு இன்னொரு முறை பார்த்துத் தாருங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதி ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு; அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் எங்களில் பலருக்குப் பல்லில் காவிக் கோடும் சுண்ணாம்புத் திட்டும் இருக்கும். ஒருவருக்கொருவர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த வாயில் குளியலறை ஓடு போல மூன்று வெள்ளைப் பற்களை வைத்து அனுப்பினார்கள். பேசும்போது முன்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பல் தெரியும். "என்ன அக்கா, பல் கட்டிவிட்டீர்களா?" என்று அளவு கொடுக்க வந்த ஒவ்வொரு பெண்ணும் கேட்டாள்.

2024 ஆடி மாதம் வாயில் ஒரு நாற்றம். எவ்வளவு துலக்கினாலும் போகவில்லை. பிரிட்ஜுக்கு அடியில், போலிப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே, தினமும் சின்னத் தூரிகையோ அதற்கென்றே வரும் நூலோ விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நூலிலேயே பிழைக்கிறவள் நான். சொல்லியிருந்தால் செய்யாமலா இருந்திருப்பேன்? பிறகு பிரிட்ஜைத் தாங்கிய முன்பக்கத்துப் பல்லில் இரவெல்லாம் விண்விண் என்று வலி. பலகைக்காரர்களிடம் போனால், நீங்கள் ஒழுங்காகத் துலக்கவில்லை என்றார்கள். பத்தாண்டு உத்தரவாத அட்டையை எடுத்து நீட்டினேன். சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளில் செய்த அந்தக் கேப் உடைந்தால் மட்டும் மாற்றித் தருவார்களாம். கேப் உடையவில்லை. அதற்குள் இருந்த என் பல்தான் போயிருந்தது. அந்த அட்டை வைத்திருக்கும் எல்லோரும் இன்றே எடுத்து, எதற்கு உத்தரவாதம் என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அந்தக் கோபத்தில்தான் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை விசாரித்துவிட்டுப் போனேன். பல் மருத்துவத்திலும் தனித்தனி மேற்படிப்பு இருக்கிறது. வேர் சிகிச்சைக்கு ஒன்று, கேப், பிரிட்ஜ், பல் செட் போன்ற செயற்கைப் பற்களுக்கு ஒன்று. சாதாரண அடைப்புக்கு எந்தப் பல் மருத்துவரும் போதும். என்னைப் போல ஒரு முறை கெட்டுப்போன வாய்க்கு, அந்த மேற்படிப்புப் படித்தவரைத் தேடுவது நல்லது. மகன் வயதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் ஒரு பெண் மருத்துவர். வாயைத் திறந்ததும் கெட்ட பக்கத்தைப் பார்க்காமல் மேல் முன்பல்லைப் பார்த்தார். "சேச்சி, தையல் வேலையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூலைப் பல்லால் கடித்துக் கடித்து முன்பல் ஓரத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறதாம். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்; ஊசிக்காதுக்கு அளந்து வெட்டினது போல ஒரு வெட்டு. வேண்டுமானால் பல் நிறப் பசை வைத்து அடைக்கலாம், கடிப்பதை நிறுத்தாவிட்டால் அது நிற்காது என்றார்.

எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் பேசத் தொடங்கினார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு நான்கு வழி சொன்னார். கழற்றி மாட்டும் பல் செட். செலவு குறைவு, ஆனால் ஒற்றைப் பல்லுக்குச் சின்னதாகச் செய்தால் நழுவி விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. மறுபடி பிரிட்ஜ். இம்பிளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகு ஒன்றை வைத்து அதன் மேல் பல் பொருத்துவது. நான்காவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. சிலருக்கு அதுவே சரியான முடிவாக இருக்கும் என்றார். பணம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

பழைய பிரிட்ஜை அறுத்து எடுத்தார்கள். அடியில் இருந்த இரண்டு பற்களுக்கும் ரூட் கெனால், 9,000. இரண்டுக்கும் தனித்தனிக் கேப், 12,000. ஒரு பல் போன இடத்தில், நல்ல பற்கள் இரண்டு நரம்பை இழந்திருந்தன. நடுவில் இம்பிளான்ட் என்று முடிவானது. அதற்கு முன் சர்க்கரை பார்க்கச் சொன்னார். எனக்கா, சர்க்கரையா என்று சிரித்தேன். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 8.4 வந்தது. பல்லுக்குப் போய்ச் சர்க்கரை நோயோடு திரும்பினேன். சர்க்கரை கட்டுப்படாமல் இம்பிளான்ட் வைத்தால் புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் பிசகும் என்று மூன்று மாதம் தள்ளிவைத்தார். அரிசியைக் குறைத்து, மாத்திரை எடுத்து, வாய்க்கால் கரையில் நடந்து 7.1க்குக் கொண்டுவந்தேன். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எலும்புத் தேய்வுக்கு ஊசி மாத்திரை எடுத்தவர்களும் பல் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கேட்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புகைக்கிறவர்களுக்கும் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

முப்பரிமாண ஸ்கேன் 2,200 ரூபாய். கீழ்த்தாடை எலும்புக்குள் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. திருகு அதைத் தொட்டால் உதடு மரத்தே போய்விடலாம். அதனால் எலும்பின் உயரம், அகலம் இரண்டையும் அளந்துகொள்கிறார்கள். எனக்கு உயரம் இருந்தது, அகலம் இல்லை. இரண்டு ஆண்டுகள் சும்மா விட்டதன் கூலி. எலும்புத் தூள் வைக்க 7,000 கூடுதல். இந்தத் தூள் மாட்டு எலும்பிலிருந்தும் வரும், மனித எலும்பிலிருந்தும் வரும், செயற்கையாகவும் வரும். சைவ வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்த பிறகு தெரிந்து வருத்தப்படுவதில் பயன் இல்லை.

இரும்பு எப்படி எலும்போடு ஒட்டும் என்று நான் கேட்டதற்கு மருத்துவர் ஒரு கதை சொன்னார். இரும்பு இல்லை, டைட்டானியம். ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயலின் காலெலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டுவிட்டது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அவர் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதால்தான் எனக்கு இன்று முறுக்கு.

2024 டிசம்பரில் வைத்தார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வலியைவிடச் சத்தமும் அதிர்வும்தான் அதிகம். கடைசியில் திருகை இறுக்கும் சாவி 'கிளிக்' என்று நின்ற இடம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவதி. கீழ் உதடு மரத்துப் போனவளுக்கு 'வே' வரவில்லை. கண்டக்டரிடம் மூன்று முறை ஊர்ப்பெயர் சொன்னேன், அவருக்குக் காற்றுதான் கேட்டது. சேலைத் தலைப்பால் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த கடைப் பில் புத்தகத்தை எடுத்து முகவரியைக் காட்டி டிக்கெட் வாங்கினேன். அறுவை நாளன்று துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்; ஆள் இல்லாவிட்டால் ஊர்ப்பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், கொப்பளிக்காமல் இருப்பது, உறிஞ்சு குழல் போட்டுக் குடிக்காமல் இருப்பது, மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். ஒரு வாரம் ஆறிய ராகிக் கூழும் தயிர்சோறும்.

பிறகு எலும்பு பிடிக்க நான்கு மாதக் காத்திருப்பு. ஒரே நாளில் பல் என்று விளம்பரம் வருகிறது; எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்கு அது முடியும், தூள் வைத்த எனக்கு முடியாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். 2025 ஏப்ரலில் திருகின் மேல் வைக்கும் பல்லுக்கு நிறம் பார்த்தார்கள். அந்தக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். சீப்பு போல வரிசையாகப் போலிப் பற்கள் கோத்த ஒரு பட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக என் பல்லோடு வைத்துப் பார்த்தார். வேலை தொடங்கும் முன்பே பார்க்க வேண்டுமாம். வாய் திறந்தே இருந்து பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக்கு நூல் நிறம் பார்க்க நான் ட்யூப் லைட்டை நம்புவதில்லை. கடை வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்ப்பேன், நூலை நனைக்காமல். முன்பு என் வாயில் ஓடு பதித்த அன்று இதை நானே கேட்டிருக்க வேண்டும். காவித் திட்டுகூட லேசாகத் தீட்டச் சொல்லி லேபுக்கு எழுதி அனுப்பினார். இப்போது எது என் பல், எது வைத்த பல் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இம்பிளான்டும் அதன் மேல் வைத்த பல்லும் சேர்த்து 28,000. பணம் கட்டும் முன் நான் கேட்டு வாங்கிய மூன்று விஷயங்கள்: ஒன்று, எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிய அட்டை. பத்து ஆண்டு கழித்துத் திருகு தளர்ந்தால், அந்த மருத்துவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேறொருவர் சரியான பாகம் வாங்க அது வேண்டும். இரண்டு, திருகிக் கழற்றக்கூடிய மாதிரிப் பல். ஒட்டிவிட்டால் பிறகு எடுப்பது தொல்லை. மூன்று, எல்லா எக்ஸ்ரேயும் என் போனில். இம்பிளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம் என்றார். அதனால் அடியில் துலக்குவதும் ஆண்டுக்கு ஒரு முறை காட்டுவதும் தொடர்கிறது. மருத்துவக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தேன். விபத்தில் உடைந்தால் தவிர, பெரும்பாலும் பல் வேலைக்குக் கிடையாது.

என் அலைச்சலைப் பார்த்து அத்தை தன் பல் செட்டை டம்ளரிலிருந்து எடுத்துக் காட்டி, இது போதாதா என்றார். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் கோணிவிடும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். கேரளப் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: 60 வயதைக் கடந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசமாகப் பல் செட் கொடுக்க 'மந்தஹாசம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, சமூக நீதித் துறையின் கீழ். அறிவிப்பெல்லாம் மலையாளத்தில் வருவதால் எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது.

போன மாதம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பெண் ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். வலக்கன்னத்தில் கைவைத்தபடியே அளவு கொடுத்தாள். ரூட் கெனால் முடிந்ததாம். கேப்? "பொங்கல் போகட்டும் அக்கா, இப்போது வலியே இல்லை" என்றாள். ரவிக்கை மறுநாளே தைத்து முடிந்துவிட்டது. ஊக்கு தைத்த நூல், முடிச்சு எல்லாம் கத்திரியால் நறுக்கி. அலமாரியில் இருக்கிறது. கேப் போட்டுக்கொண்டு வா, வாங்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். நேற்றும் போனில் திட்டினாள்.